போர்டு மலை ஏறட்டும், கரைசல் ஏற வேண்டாம்

மினி புராஜெக்ட் அறிவிப்பு வந்த மறுநாளே நம்ம ஹாஸ்டலில் ஒரு வியாபாரம் ஆரம்பிச்சிடும். காப்பர் கிளாட் போர்டு வியாபாரம். சென்னைக்குப் போய் வரும் சீனியர் யாராவது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய ஷீட்டாக வாங்கி, பஸ்ஸில் லக்கேஜ் கம்பி மேல் வைத்துக் கொண்டு வருவார். ரூமில் ஹேக்சா பிளேடால் துண்டு போட்டு ஜூனியர்களுக்கு விற்பார். கேட்டால் கூடவே ஒரு பாலிதீன் கவரில் ஃபெரிக் குளோரைடும் கட்டிக் கொடுப்பார். பார்க்க நாட்டுச் சர்க்கரை மாதிரி இருக்கும்.

இந்த வியாபாரத்தைப் பற்றி நம்மிடையே நடக்கும் ஒரே விவாதம் விலைதான். "அங்க என்ன விலைன்னு எங்களுக்குத் தெரியாதா? அண்ணன் துண்டுக்கு இருபது ரூபாய் அடிக்கிறார்" என்று ஒரு கோஷ்டி. "அப்ப நீயே போய் வாங்கிக்க" என்று இன்னொரு கோஷ்டி. வருஷா வருஷம் இதே சண்டை.

என் கட்சி அண்ணன் கட்சிதான். லாபம் வைக்கட்டும். 12×12 இன்ச் ஷீட்டில் 6×4 துண்டு ஆறு வரும் என்பது பேப்பர் கணக்கு. ஹேக்சா போகும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மில்லிமீட்டர் தூளாகப் போகும், ஓரம் பிசிறடிக்கும், ஒரு துண்டாவது கோணலாகும். அதையெல்லாம் விடுங்க. ஆன்லைனில் ஒரே ஒரு துண்டு ஆர்டர் போட்டுப் பாருங்க, போர்டு விலையைக் கூரியர் சார்ஜ் தாண்டிடும். பழனிக்கே இப்படின்னா மலை மேல் இருக்கும் ஊர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய ஷீட்டை யாரோ ஒருத்தர் வாங்கி, வெட்டி, தேவையான அளவுக்குச் சில்லறையாகக் கொடுப்பது ஒரு சேவை. அதுக்கு இருபது ரூபாய் கொடுக்கலாம்.

எனக்குப் பிரச்னை வேற இடத்தில். விற்பவர் தான் விற்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. வாங்குற நாமும் கேட்பதில்லை.

முதலில் போர்டையே எடுத்துக்குவோம். "காப்பர் கிளாட்" என்று ஒரே பெயரில் விற்றாலும் நம்ம கைக்கு வருவது ரெண்டு ரகம். ஒன்று பேப்பர் பினாலிக். காகித அடுக்கை பினாலிக் ரெசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. பழுப்பு நிறம், அறுக்கும்போது ஒரு மருந்து வாடை அடிக்கும். எஃப்ஆர்-1, எஃப்ஆர்-2 என்பதெல்லாம் இந்தக் குடும்பம். இன்னொன்று எஃப்ஆர்-4. கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும் சேர்ந்தது. எட்ச் பண்ணின இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துணி நெசவு மாதிரி கட்டம் தெரியும். பினாலிக் விலை குறைவு, கத்தியால் ஆழமாகக் கீறி உடைச்சுடலாம், டிரில் பிட்டும் சீக்கிரம் மழுங்காது. எஃப்ஆர்-4 உறுதியானது, ஆனால் அறுக்கும்போது வரும் தூள் கண்ணாடித் தூள். மாஸ்க் போடாமல் கட்டில் மேல் உட்கார்ந்து அறுக்கக் கூடாத பொருள் அது. ரூம்மேட் அந்தக் கட்டிலில்தான் தூங்கணும்.

செம்பின் தடிமனும் முக்கியம். வழக்கமாக 35 மைக்ரான் இருக்கும், ஒரு சதுர அடிக்கு ஒரு அவுன்ஸ் என்று சொல்வது அதைத்தான். சில ஷீட்டில் 18 மைக்ரான்தான் இருக்கும். மோட்டார் டிரைவர் போடப் போறவனுக்கும் எல்இடி மினுக்கப் போறவனுக்கும் இது ஒண்ணு இல்லை. இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மலைப் பக்கம் இருந்து வந்து படிக்கிறவங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். நானும் அங்கிருந்து வர்றவன்தான். நம்ம காலேஜில் பண்ணைக்காடு, பெருமாள்மலை, வில்பட்டி, பூம்பாறைன்னு மேலிருந்து வர்றவங்க எல்லா டிபார்ட்மென்ட்டிலும் இருக்காங்க. லீவில் ஊருக்குப் போகும்போது பைக்குள் ரெண்டு போர்டும் ஒரு கவர் ஃபெரிக் குளோரைடும் போகும். தண்ணித் தொட்டி நிரம்பினால் கத்துற அலாரம், பூண்டுக் காட்டுக்கு ராத்திரிக் குளிரை எழுதி வைக்கிற லாகர், தம்பிக்கு ஒரு எஃப்எம் ரேடியோ. கோடைப் பண்பலை 100.5 கேட்கிற ரேடியோவை நம்ம கையாலேயே செய்கிற சுகம் தனிதான்.

மலையில் போர்டுக்கு முதல் எதிரி பனிமூட்டம். பேப்பர் பினாலிக் ஈரத்தை உறிஞ்சும். சமவெளியில் ஒழுங்காக ஓடின சென்சார் சர்க்யூட் மேலே போய் மூடுபனி நாளில் தப்புத் தப்பாக ரீடிங் காட்டினால், கோடிங்கை மட்டும் சந்தேகப்படாதீங்க. போர்டையும் பாருங்க. மலைக்குப் போறது எஃப்ஆர்-4 ஆக இருக்கட்டும். வெறும் போர்டைச் சும்மா அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் செம்பு கறுத்துவிடும். டோனர் ஒட்டாது. ஃபெரிக் குளோரைடு அதைவிட மோசம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து, கவரைத் தாண்டி ஒழுகும். ஒழுகின இடத்தில் துணி, இரும்பு, மொசைக் எல்லாம் கறைதான்.

ரெண்டாவது எதிரி குளிர். இதை யாரும் பேசிப் பார்த்ததில்லை. ஃபெரிக் குளோரைடு செம்பைத் தின்பது ஒரு சாதாரண வேதி வினை. சூடு ஏற ஏற வேகம் கூடும், தோராயமாகப் பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்கு. அதனால்தான் கரைசலை 40, 45 டிகிரியில் வைத்து வேலை செய்யச் சொல்றாங்க. 7,000 அடி உயரத்தில், ராத்திரியில், பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணியில் கலந்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் ஆட்டினாலும் செம்பு அப்படியே இருக்கும். பையன் என்ன நினைப்பான்? "கரைசல் செத்துப் போச்சு." கீழே ஊத்திட்டு புதுசு கலக்குவான். அது சாகவில்லை, குளிரில் விறைச்சுக் கிடந்தது. தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் மிதக்க விட்டிருந்தால் அதே கரைசலில் இன்னும் ரெண்டு மூணு போர்டு போட்டிருக்கலாம். விற்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பாதிக் கழிவு குறைந்திருக்கும்.

கீழே ஊத்தினால் என்ன என்று கேட்பீங்க. கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

6×4 இன்ச் ஒரு பக்கப் போர்டு, 35 மைக்ரான். அதில் இருக்கும் செம்பு கிட்டத்தட்ட 4.7 கிராம். டிராக்குகளை விட்டுவிட்டு மீதியைக் கரைத்தால், மூணில் ரெண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், 3 கிராம் செம்பு கரைசலுக்குள் போகும். ஆற்றிலும் ஓடையிலும் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் செம்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம்ம நாட்டின் பொதுவான கழிவுநீர் விதி. 3 கிராம் என்றால் 3,000 மில்லிகிராம். அதாவது ஒரு போர்டு எட்ச் பண்ணின தண்ணியைச் சட்டப்படி வெளியே விடுற அளவுக்கு நீர்க்க வைக்கணும்னா 1,000 லிட்டர் வேணும். மொட்டை மாடியில் இருக்கிற கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் ஒண்ணு முழுசா. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் செம்புக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவுக்கு நீர்க்கணும்னா 60,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி அஞ்சு. ஒரே ஒரு போர்டுக்கு! ஒரு கிளாஸில் 60 பேர் ஆளுக்கு ஒரு போர்டு போட்டால் 180 கிராம் செம்பு.

(வெறுமையாக விடும் இடத்தையெல்லாம் கிரவுண்ட் பிளேனாக நிரப்பிவிட்டால் கரையும் செம்பு மூணு கிராமிலிருந்து ஒண்ணரைக்குக் கீழே இறங்கிடும். சர்க்யூட்டுக்கும் நல்லது, கரைசலும் ரொம்ப நாள் வரும். சாஃப்ட்வேரில் ரெண்டு கிளிக். இதை ஏன் முதல் லேப் கிளாஸிலேயே சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.)

இந்தக் கணக்கை என் ரூமில் சொன்னபோது விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருத்தன் மடக்கினான். "மச்சி, எங்க காட்டுக்கு போர்டோ கலவை அடிக்கிறோம். 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அதில் எவ்வளவு செம்பு இருக்குன்னு கணக்குப் போடு, அப்புறம் உன் மூணு கிராமைப் பத்திப் பேசு."

நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மயில்துத்தத்தில் சுமார் 250 கிராம் செம்பு. நம்ம 80 போர்டுக்கு மேல். ஒரே டேங்க் மருந்தில். அப்போ நாம பேசுறது வீண் பேச்சா?

இல்லைன்னுதான் நினைக்கிறேன். போர்டோ கலவையில் சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறாங்க? செம்பைக் கரையாத வடிவத்துக்குக் கொண்டு வரத்தான். அது இலையில் படலமாக ஒட்டி, காடு முழுக்கப் பரவி நிற்கும். நம்ம கரைசல் அப்படியே அமிலம். செம்பு முழுசாகக் கரைந்த நிலையில், ஒரே இடத்தில், ஒரே ஓட்டையில் போகுது. எங்க ஊரில் அந்த ஓட்டை போய்ச் சேருவது செப்டிக் டேங்க். டேங்க்கில் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு செம்பு விஷம். டேங்க்கைத் தாண்டினால் ஓடை, ஓடையில் மீன். மீனுக்கும் பாசிக்கும் கரைந்த செம்பு ரொம்பக் கொஞ்சம் போதும். மலைத் தண்ணி மலையிலும் நிற்காது. வடக்குச் சரிவில் விழுந்தது வரதமாநதிக்கும் பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் வருது. தெற்குச் சரிவில் விழுந்தது மஞ்சளாறு, பாம்பாறு வழியாக வைகைப் பக்கம் போகுது. விவசாயி அடிக்கிறார் என்பது நாம ஊத்துறதுக்கு அனுமதிச் சீட்டும் இல்லை. அவர் செய்தால் விளைச்சல், நாம செய்தால் மினி புராஜெக்ட் மார்க்.

கொடைக்கானலில் இதைப் பேசும்போது தெர்மாமீட்டர் ஃபேக்டரியை விட்டுவிட்டுப் பேச முடியாது. நம்மில் பலர் பிறக்கும் முன் நடந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்றேன். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து 1980-களில் கொடைக்கானலுக்கு வந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை அது. பாண்ட்ஸ் நிறுவனத்தோடது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாம்பாறு சோலை ஓரத்தில் இருந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டு வந்தாங்க. ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு கிட்டத்தட்ட 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது 2016 மார்ச்சில். நடுவில் ஓடிப் போனது பதினைந்து வருஷம்.

நம்ம மூணு கிராம் செம்பையும் அந்தப் பாதரசத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. செம்பு பாதரசம் இல்லை, ஹாஸ்டல் ஃபேக்டரியும் இல்லை. நான் பார்ப்பது அந்தப் பழைய பொருள் கடையை மட்டும்தான். கண்ணாடி அங்கே போனது ஒரு விற்பனையாக. எடை போட்டு, காசு கைமாறி. கண்ணாடி கண்ணாடியாகத்தான் விற்கப்பட்டது, அதில் ஒட்டியிருந்தது அந்த விற்பனைக்குள் வரவே இல்லை. நம்ம வியாபாரத்திலும் போர்டு போர்டாகவும் சர்க்கரை மாதிரி இருக்கும் கட்டி கட்டியாகவும் விற்கப்படுது. கடைசியில் வரும் கறுப்புத் தண்ணி யாருடைய பில்லிலும் இல்லை. இன்னொன்று, அந்தத் தண்ணியை நம்ம பசங்க ஊத்தி வைப்பது குளிர்பான பாட்டிலில். லேபிள் கிடையாது. நிறம் கோலா நிறம். லீவில் வீட்டு ஜன்னல் ஓரத்தில் அந்த பாட்டில் நிற்கும்போது வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருந்தால்?

"இப்போ யார்றா எட்ச் பண்றா, கெர்பர் ஃபைல் அனுப்பினா சீனாவிலிருந்து அஞ்சு போர்டு பச்சைக் கலரில் சூப்பரா வருது" என்று சொல்பவர்கள் இருக்காங்க. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்கணும், ஷிப்பிங் போர்டு விலையை முழுங்கிடும், தப்பு கண்டுபிடித்தால் மறுபடி முதலிலிருந்து. காலையில் வரைந்ததைச் சாயங்காலம் கையில் பார்ப்பது வேற பாடம். டிராக் அகலம் என்றால் என்ன என்பது, ஒரு தடவை மெல்லிய டிராக் கரைந்து அறுந்து போவதைப் பார்த்தவனுக்குத்தான் புரியும். பத்து காம்போனென்ட் வைத்த சர்க்யூட்டுக்கு எட்சும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், டாட் போர்டு போதும். நடுவில் இருப்பதுக்குத்தான் வெறும் போர்டு. அந்த நடு எப்பவும் இருக்கும், அதனால் இந்த வியாபாரமும் இருக்கும்.

அப்போ எப்படி விற்கலாம்? நமக்கு முன்னாடியே ஒரு நல்ல மாடல் இருக்கு. சிரிக்காதீங்க, டாஸ்மாக். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தர்றாங்க. உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்து, பிறகு வேற மாவட்டங்களுக்கும் வந்த திட்டம். காட்டில் உடைந்த பாட்டில் யானைக் காலில் குத்துகிறது என்பதுதான் வழக்குக்குக் காரணம். குடிக்கிறவரைத் திருத்தாமல், திட்டாமல், பத்து ரூபாயை வைத்தே பாட்டிலைத் திரும்ப வரவைக்கிறாங்க.

நம்ம எலக்ட்ரானிக்ஸ் கிளப் இதையே செய்யலாம். ஷீட்டை கிளப் வாங்கட்டும். மெக்கானிக்கல் ஒர்க்ஷாப்பில் ஷியரிங் மெஷின் சும்மாதானே நிற்குது, அதில் வெட்டினால் தூளும் இல்லை, கோணலும் இல்லை. வாங்கிட்டு வந்த சீனியருக்கு அவர் இருபது ரூபாயைக் கொடுத்துடலாம். துண்டின் பின்பக்கம் மார்க்கரால் ரகமும் மைக்ரானும் எழுதணும். ஃபெரிக் குளோரைடைக் கட்டியாக விற்கவே கூடாது. லேபில் கரைத்து, அகல வாய் கெமிக்கல் பாட்டிலில் ஊற்றி, "விஷம், சிங்க்கில் ஊத்தாதே" என்று தமிழில் ஒட்டி, 50 ரூபாய் டெபாசிட்டோடு கொடுக்கணும். பயன்படுத்தின கரைசலோடு பாட்டில் திரும்பினால் 50 ரூபாய் திரும்பும்.

திரும்பி வந்ததை என்ன செய்வது என்பது கெமிஸ்ட்ரி லேப் வேலை, கஷ்டமில்லை. கையுறை, கண்ணாடி போட்டு, பெரிய வாளியில் சலவைச் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கணும். நுரைத்துப் பொங்கும், அவசரப்பட்டால் தரையில் வழியும். பிஎச் எட்டு ஒன்பதுக்கு வந்ததும் செம்பும் இரும்பும் சேறாகக் கீழே இறங்கும். ஒரு நாள் தெளிய விட்டு, மேல் தண்ணியை டெஸ்ட் பண்ணி, சேற்றை வடிகட்டி உலர்த்தி மூடின டப்பாவில் வைக்கணும். நம்ம கணக்குப்படி ஒரு கிளாஸுக்கே 180 கிராம் செம்புதான். ஒரு வருஷத்துச் சேறு எல்லாம் சேர்த்தாலும் ஒண்ணு ரெண்டு பெயிண்ட் டப்பாவுக்கு மேல் போகாது. லேபின் மற்ற அபாயக் கழிவு போகும் வழியிலேயே இதுவும் போகணும். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று டிபார்ட்மென்ட்டில் கேட்டால் ஒரு மௌனம் வரும். போர்டுக்கு அஞ்சு ரூபாய் கூட்டினால் அந்த மௌனம் உடையும் என்பது என் நம்பிக்கை.

மலைக்குப் போறவங்க விஷயத்தில் மட்டும் நான் கறார். அவங்களுக்கு, அதாவது எங்களுக்கு, டெபாசிட் திட்டமும் வேண்டாம். அமில பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு பழனி–கொடைக்கானல் மலைப்பாதையில் 60 கிலோமீட்டருக்கு மேல், அத்தனை வளைவிலும் பஸ்ஸில் நின்றுகொண்டு இறங்குங்கன்னு யாரிடமும் சொல்ல முடியாது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கே மேலே தடை இருக்கு, இது மட்டும் போகலாமா? எட்ச் இங்கேயே முடியட்டும். சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் டிசைன் கொடுத்தவங்க சாயங்காலப் பஸ்ஸில் முடிந்த போர்டோடு ஊருக்குப் போயிடலாம். மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துப் பசங்க கேட்டாலும் இதே வழிதான். டிசைனை போனில் அனுப்பட்டும், எங்க ஊர் வண்டியில் ஏறுற யாராவது ஒருத்தர் கவரில் போட்டுக் கொண்டு போய்க் கொடுப்போம். துண்டுக்கு இருபது ரூபாய் லாபம் வச்சா நான் கேள்வி கேட்க மாட்டேன்.